இரண்டு குரோதி வருஷம், இரண்டு பையன்கள்: முடிச்சை எங்கே போடுவது?

உப்புக்காற்று | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

இளையோர் நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. படிக்கப்போகிறவர்கள் 13 முதல் 16 வயது வரை. 1964இல் தனுஷ்கோடியில் ஒரு பையன், ரயில்வே பாயின்ட்ஸ்மேன் (தண்டவாளத்தில் பாதை மாற்றிவிடுகிற ஊழியர்) மகன், வயது 14. 2024இல் ராமேஸ்வரத்தில் இன்னொருவன், அவனுக்கும் 14, அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பழைய வால்வு ரேடியோ ஒன்றின் வழியாக இருவரும் பேசிக்கொள்கிறார்கள். 15ஆம் அத்தியாயத்துக்கு மேல் கதை நகர மறுக்கிறது. காலம் தாண்டிப் பேசவிடாமல் இரண்டு பையன்களை ஒரே நாவலுக்குள் கட்ட முடியாது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

பழையதாள் | 3 ஆகஸ்ட், இரவு 11.15

நகராததற்குக் காரணமே ரேடியோதான்.

1964 டிசம்பர் 22 இரவு புயலும் அலையும் தனுஷ்கோடியை அழித்தது 2024 பையனுக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆக, ரேடியோவில் முதல் சத்தம் கேட்ட நிமிஷமே அவனுக்கு ஒரே வேலைதான்: எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடு என்று சொல்வது. சொன்னால், அந்தப் பக்கத்துப் பையன் ஊரைக் காப்பாற்ற வேண்டும். அப்படிக் காப்பாற்றினால் இன்று அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் நிற்கிற தேவாலயச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அர்த்தமில்லாமல் போகிறது. காப்பாற்ற முடியவில்லை என்றால் 14 வயதுப் பிள்ளை தலையில் ஒரு ஊரின் சாவை ஏற்றுகிறீர்கள். சொல்லாமலே இருந்தால் வாசகன் அவனை வெறுத்துவிடுவான். மூன்று பாதையிலும் இரண்டு பேருக்கும் வளர இடமில்லை.

பேச்சு வேண்டாம். தடயம் போதும். ஒருவன் எதையோ விட்டுப்போகிறான், மற்றவன் அதை எடுக்கிறான். ஒருவழிப் பாதை.

பழையதாள் | 4 ஆகஸ்ட், காலை 6.05

இரவு எழுதியதற்கு ஒரு சேர்ப்பு. பாதை ஒருவழியாகவே இருந்தால் பழைய பையன் வெறும் கொடையாளி ஆகிவிடுவான். புதியவனுக்குப் பாடம் சொல்லவே செத்தவன் போல. இந்த வகை நாவல்கள் விழுகிற முதல் குழி இது. 1964 பையனுக்கு அவனுடைய சொந்தச் சிக்கல் ஒன்று வேண்டும். அது புயலாக இருக்கக் கூடாது. புயல் வரப்போவது அவனுக்குத் தெரியாது. படிப்பை நிறுத்திப் பாயின்ட்ஸ்மேன் வேலைக்குச் சேரச் சொல்கிற அப்பா, திருப்பிக் கொடுக்காத கடன், ஒரு பொய், இந்த அளவில் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்குகிற சிக்கலாக இருக்கட்டும்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 1964 அத்தியாயங்களை மட்டும் உருவித் தனிக் கோப்பாக்கிப் படியுங்கள். பிறகு 2024ஐ மட்டும். இரண்டும் தனித்தனியே குறுநாவலாக நிற்க வேண்டும். எது நொண்டுகிறதோ அந்தப் பகுதியைத்தான் வாசகன் புரட்டித் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போவான்.

உப்புக்காற்று | 4 ஆகஸ்ட், காலை 8.30

உருவிப் பார்த்தேன். 1964 நிற்கிறது. 2024 நிற்கவில்லை. அவன் செய்வதெல்லாம் ரேடியோவைத் திருகுவதுதான்.

தடயம் என்றால் நோட்டுப் புத்தகமா? இடிபாட்டு மணலுக்குள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா?

பழையதாள் | 4 ஆகஸ்ட், மதியம் 1.20

மணலில் வேண்டாம். உப்புத்தண்ணீரில் ஊறிய பள்ளி நோட்டு 60 வருஷம் தாங்காது, கூழாகிவிடும். நோட்டு பிழைக்க வேண்டுமென்றால் அது அலைக்கு முன்பே தீவை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். பாம்பன் பாலம் தாண்டி மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ ஒரு தகரப் பெட்டிக்குள். அங்கேயும் எதிரிகள் உண்டு: கரையான், தாளைத் துளைக்கிற ராமபாணம், பின் அடித்த நோட்டு என்றால் பின்னிலிருந்து பரவுகிற துரு. நூல் தைத்த நோட்டாக எழுதுங்கள். ஓரத்தில் ராமபாணம் போட்ட ஓட்டை நான்கைந்து பக்கம் ஒரே நேர்கோட்டில் போகும். ஒரு சொல்லின் நடு எழுத்து எல்லாப் பக்கத்திலும் காணாமல் போவது கதைக்கும் உதவும்.

மையையும் தீர்மானிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் நீல மை ஈரம் பட்டால் ஓடிவிடும். ப்ளூ-பிளாக் மையில் இரும்புச் சத்து உண்டு, தாளைப் பிடித்துக்கொள்ளும், நாளாக ஆகப் பழுப்படிக்கும். சாதாரணப் பென்சில் தண்ணீரில் கரையாது. நான்காவதாக ஒன்று இருக்கிறது, பாயின்ட்ஸ்மேன் மகனுக்கு அதுதான் பொருத்தம்: காப்பியிங் பென்சில். ரயில்வே, தபால் மாதிரியான அலுவலகங்களில் புழங்கியது. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், சாதாரணப் பென்சில் மாதிரியே தெரியும். அதில் கலந்திருக்கிற சாயம் ஈரம் பட்டதும் ஊதாவாகும். பிறகு அழியாது.

மீட்டர்கேஜ் | 4 ஆகஸ்ட், மாலை 7.00

ரயில் விஷயத்தில் தவறு வரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை ராமேஸ்வரத்துக்கு, சுமார் 10 கி.மீ. இன்னொன்று தனுஷ்கோடிக்கு, சுமார் 24 கி.மீ. அதனால் பையன் பாலம் தாண்டி மண்டபம் போகிறான் என்றால் ராமேஸ்வரம் ஸ்டேஷன் வழியில் வராது. போட் மெயில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வரும், அங்கே இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல். ஊரில் சுங்கம், தபால் தந்தி, பள்ளி, ரயில்வே குடியிருப்பு எல்லாம் இருந்தன. ஆளில்லாத மணல் திட்டாக 1964ஐ எழுதிவிடாதீர்கள், அது பிறகு வந்த காட்சி.

22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து 11.55க்குப் புறப்பட்டது 653 பாசஞ்சர். 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது பதிவான கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் கூடும் என்பவர்கள் உண்டு. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் இல்லை, நின்று பார்த்துவிட்டு விசில் கொடுத்து நகர்ந்தது, அலை மூடியது. ஒரு வேண்டுகோள்: உங்கள் பையனை அந்த வண்டிக்குள் உட்காரவைக்காதீர்கள். அதில் போனவர்களின் வீட்டார் இன்னும் இருக்கிறார்கள். கற்பனைப் பயணி ஒருவனை அந்தக் கணக்கில் நுழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழையதாள் | 4 ஆகஸ்ட், இரவு 10.10

அதை வழிமொழிகிறேன். கதைக்கும் அதுதான் நல்லது. நாட்குறிப்பு எழுதுகிறவன் தான் மூழ்குவதை எழுத முடியாது. கடைசிப் பக்கம் வெறுமையாக விட்டு வாசகனை அழவைக்கலாம், ஆனால் எல்லோரும் எதிர்பார்க்கிற பக்கம் அது.

அவன் அந்த வண்டியில் ஏற வேண்டியவன், ஏறவில்லை என்று வையுங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுப் பாலம் தாண்டி மண்டபம் போகிறான். ராத்திரி வண்டிக்குத் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் மனசு மாறுகிறது. "ராத்திரி வண்டிக்குப் போகப் போவதில்லை" என்பது நோட்டின் கடைசி வரி. எழுதும்போது அது ஒரு பிள்ளையின் பிடிவாதம். மறுநாள் காலையிலிருந்து வாழ்நாள் முழுக்க வேறு ஒன்று.

நோட்டு ஏன் பிழைத்தது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. அவனும் நோட்டும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

பழையதாள் | 5 ஆகஸ்ட், காலை 5.50

தலைப்புக்கான ஒன்று. 1964–65 குரோதி வருஷம். அறுபது வருஷம் சுற்றி 2024–25 மறுபடி குரோதி. உங்கள் இரண்டு பையன்களும் ஒரே பெயருள்ள வருஷத்தில், ஒரே மார்கழியில் நிற்கிறார்கள். நோட்டில் ஆங்கில வருஷமே வேண்டாம். "குரோதி, மார்கழி 7" என்று மட்டும் இருக்கட்டும். கையில் எடுக்கிற 2024 பையன் வீட்டுக் காலண்டரைப் பார்க்கிறான்: குரோதி, மார்கழி. யாரோ போன வாரம் எழுதியது என்று நினைக்கிறான்.

இதற்கு ரேடியோ வேண்டாம், மந்திரம் வேண்டாம். நம்முடைய காலண்டரே செய்துவிடுகிறது. வருஷத்துக்கு எண் வைக்காமல் பெயர் வைத்த மொழியில்தான் இந்தக் கதையை இப்படி எழுத முடியும்.

உப்புக்காற்று | 5 ஆகஸ்ட், காலை 7.15

இதைப் படித்துவிட்டு ரேடியோ வருகிற 9 அத்தியாயங்களையும் தூக்கிவிட்டேன்.

கணக்கன் | 5 ஆகஸ்ட், காலை 11.40

பழையதாள் டிசம்பர் 22ஐ மனதில் வைத்து "மார்கழி 7" என்று எழுதியிருக்கிறார். அது 2024க்குச் சரி, 1964க்கு மார்கழி 8.

நம் வழக்கப்படி, சங்கராந்தி, அதாவது சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைகிற நேரம், அஸ்தமனத்துக்கு முன் வந்தால் அன்றே மாதம் பிறக்கும், மறைந்த பின் வந்தால் மறுநாள். 2024இல் சூரியன் தனுசுக்குள் போனது டிசம்பர் 15 இரவு, அதனால் மார்கழி 1 என்பது டிசம்பர் 16, திங்கள். அறுபது வருஷம் பின்னே போனால் ஏறக்குறைய 9 மணி நேரம் முன்னே நகரும். 1964 டிசம்பர் 15 பகலிலேயே சங்கராந்தி, அன்றே மார்கழி 1, செவ்வாய். ஆக 1964 டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை மார்கழி 8.

இன்னொன்று. தமிழ் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நள்ளிரவு தாண்டி ஆங்கிலத் தேதி 23 ஆனாலும் பஞ்சாங்கத்தில் விடியும்வரை மார்கழி 8தான். ரயில் புறப்பட்டதும் மூழ்கியதும் ஒரே தமிழ் நாளில்.

பழையதாள் | 5 ஆகஸ்ட், மதியம் 12.30

நன்றி. சங்கராந்தி நேரத்தைப் பார்க்காமல் ஆங்கிலத் தேதியிலிருந்து நேராகக் கழித்துவிட்டேன். 7 என்று எழுதியதை எல்லோரும் 8 என்று திருத்திப் படியுங்கள்.

உப்புக்காற்று | 5 ஆகஸ்ட், இரவு 8.50

நோட்டு 1964இல் எழுதியது என்று 2024 பையன் எப்போது கண்டுபிடிக்க வேண்டும்? எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடாதா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரிச் சுழியோடு, துதிக்கை போட்டு இருக்குமே.

பழையதாள் | 5 ஆகஸ்ட், இரவு 11.00

தெரியாது, அங்கேதான் சுவை. 1978இல் மாறியவை 13 எழுத்துகள். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், நீங்கள் சொன்ன நாலு ஐகாரம். ஆனால் அச்சு மாறிய வேகத்தில் கை மாறவில்லை. அதற்கு முன் பள்ளி போன தாத்தா பாட்டிகள் இன்றைக்கும் துதிக்கை போட்டுத்தான் கடைச்சீட்டு எழுதுகிறார்கள். பையன் என்ன முடிவுக்கு வருவான்? தெருவில் யாரோ ஒரு பெரியவர் எழுதியது.

ஒவ்வொரு தடயமும் இப்படித்தான் இருக்க வேண்டும்: உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் 14 வயதுப் பையன் வேறு காரணம் சொல்லித் தாண்டிப் போக இடமும் கொடுக்க வேண்டும். "நாலணா" என்று வருகிறதா, அவன் பாட்டியும் அப்படித்தான் சொல்கிறாள். வாடைக்காற்று, வத்தை என்கிற படகு, வலை, இவற்றில் எதுவும் காட்டிக்கொடுக்காது. கடற்கரையின் சொற்கள் அறுபது வருஷத்தில் அவ்வளவு மாறிவிடவில்லை. காட்டிக்கொடுக்கிறவை வேறு: மதராஸ், சிலோன், ஏறக்குறைய ஏழு மாதம் முன்பு இறந்த நேரு. இவற்றை நோட்டில் விடாதீர்கள். பின்கோடும் வேண்டாம், 1972 ஆகஸ்டுக்கு முன் அது கிடையாது. விலாசம் எழுதினால் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள்.

அச்சில் கவனிக்க வேண்டியது: இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் பழைய வடிவம் வராது. நோட்டுப் பக்கங்களில் இரண்டோ மூன்றையாவது கையால் எழுதிப் படமாகப் போடச் சொல்லுங்கள். வாசகப் பிள்ளையும் அந்தப் பையனோடு சேர்ந்து எழுத்துக்கூட்ட வேண்டும்.

மீட்டர்கேஜ் | 6 ஆகஸ்ட், காலை 9.25

ஒன்று தப்பிவிடும். நோட்டில் "இன்று வண்டி 20 நிமிஷம் லேட்" என்று வந்தால் போச்சு. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. 2024 மார்கழியில் ராமேஸ்வரம் தீவுக்குப் பயணிகள் ரயிலே இல்லை. அந்தப் பையன் ரயில் சத்தம் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

பழையதாள் | 6 ஆகஸ்ட், காலை 10.00

அருமையான இடம். புயலுக்குப் பிறகு 1964 மார்கழியிலும் தீவுக்கு ரயில் இல்லை. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்கிறவரை. இரண்டு குரோதி மார்கழியிலும் தண்டவாளம் ஊமை. இதைப் பாத்திரங்கள் வாயால் சொல்லவைக்காதீர்கள். பக்கங்களை அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

"லேட்" வரியும் இருக்கட்டும். 2024 கடைசி மாதங்களில் புதுப் பாலத்தில் சோதனை ஓட்டம் நடந்ததே. பையன் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கலாம். கொஞ்சம் இடிக்கும். இடிக்கட்டும், மூன்றாவது தடயம் இடிக்கத்தான் வேண்டும்.

உப்புக்காற்று | 7 ஆகஸ்ட், இரவு 9.10

2024 பையனின் சொந்தச் சிக்கல் கிடைத்துவிட்டது. அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில். வீட்டில் படகுக்குக் கூலிக்குப் போக வேறு ஆள் இல்லை, படிப்பை நிறுத்துவதா என்ற பேச்சு. 1964இல் கடலுக்குள் கோடு கிடையாது, 1974 ஒப்பந்தத்தில்தான் வந்தது. நோட்டில் "அக்கரை" பற்றிச் சாதாரணமாக வருவதை அவன் படிக்கும்போது மனசு வலிக்கும்.

கடைசியில் நோட்டு எழுதியவர் இவன் சொந்தத் தாத்தா என்று வைக்கலாமா?

பழையதாள் | 7 ஆகஸ்ட், இரவு 10.45

வேண்டாம். தாத்தா என்றால் ரத்தம் வேலை செய்துவிடும், பையன் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அவர் யாரோவாக இருக்கட்டும். உயிரோடு இருக்கட்டும்: 14ம் 60ம் 74. வீடு மாற்றியபோது தகரப் பெட்டியோடு பழைய பேப்பர் கடைக்குப் போன நோட்டு. கடையிலிருந்து விலாசம் விசாரித்துப் போவது பையன் தானாக எடுக்கிற முதல் முடிவு.

கடலின் கோடு பற்றி: கோடு இல்லை என்றாலும் சிலோனுக்குக் கப்பல் ஏறக் காகிதம் வேண்டும், சுங்கம் உண்டு. "அந்தக் காலத்தில் எல்லாம் திறந்து கிடந்தது" என்று எழுதிவிடாதீர்கள்.

நாவலின் அளவு பற்றியும் ஒன்று. 40,000 சொல் போதும், டெம்மி அளவுப் புத்தகத்தில் ஏறக்குறைய 200 பக்கம். ஒன்றுவிட்டு ஒன்று என்று அத்தியாயங்களைக் கறாராக மாற்றாதீர்கள், நாலாவது மாற்றத்தில் வாசகன் தாளத்தைக் கண்டுபிடித்துத் தளர்ந்துவிடுவான். 2024 மூன்று, 1964 ஒன்று என்று தொடங்கி, நடுவில் சமமாக்கி, மார்கழி 6, 7, 8 மூன்றையும் இடைவெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் விடுங்கள்.

கணக்கன் | 8 ஆகஸ்ட், காலை 7.30

கிழமையை எங்கே காட்டப்போகிறீர்கள்? 1964 மார்கழி 8 செவ்வாய். 2024 மார்கழி 8 என்பது டிசம்பர் 23, திங்கள். ஒரே ஒரு நாள் வித்தியாசம். இடி விழுந்த மாதிரித் திடுக்கிட அது போதாது.

பழையதாள் | 8 ஆகஸ்ட், காலை 8.05

போதும். ஒரு நாள்தான் வித்தியாசம் என்பதால் எழுதியவர் தவறிவிட்டார் என்று பையன் நினைப்பான். செவ்வாயை அடித்துவிட்டு மேலே "திங்கள்" என்று தன் பென்சிலால் திருத்துவான். பள்ளிப் பிள்ளைக்குத் திருத்துகிற கை சும்மா இருக்காது.

நான் முதல் நாள் சொன்ன ஒருவழிப் பாதையை இங்கே மாற்றிக்கொள்கிறேன். அறுபது வருஷத்தில் அந்த நோட்டுக்குக் கிடைத்த முதல் பதில் அந்தத் திருத்தம். எழுபத்து நாலு வயதுக்காரர் கையில் அந்தப் பக்கம் போகும்போது, தன் வாழ்க்கையிலேயே மறக்காத கிழமையை எவனோ ஒரு பிள்ளை மாற்றி எழுதியிருப்பதைப் பார்ப்பார். "செவ்வாய்தான் தம்பி" என்பதுதான் அவர் அவனிடம் சொல்கிற முதல் வார்த்தை.

உப்புக்காற்று | 8 ஆகஸ்ட், காலை 8.40

கண்டுபிடிக்கிற இடம் அப்போது அவர் வீட்டில்தானா? அதற்கு முன்னால் பையனுக்கே தெரிய வேண்டாமா?

பழையதாள் | 8 ஆகஸ்ட், மதியம் 2.15

முந்தின நாள் ராத்திரியே தெரியட்டும். அவரிடம் கொடுக்கும் முன் தன் திருத்தத்தை அழிக்க நினைக்கிறான். ரப்பர் இல்லை. விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கித் தேய்க்கிறான். அவனுடைய "திங்கள்" மங்கலாக இழுபடுகிறது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் இருந்த "செவ்வாய்" ஊதாவாகப் பூக்கிறது.

எழுதும்போது இரண்டு கவனியுங்கள். ஈரம் கொஞ்சமாக இருக்க வேண்டும், அதிகமானால் சாயம் பின்பக்கத்துக்கு இறங்கிக் கடைசி வரியையும் கெடுத்துவிடும். ஒரு சொல் மட்டும் நிறம் மாறட்டும். சாயம் சோப்புக்கு லேசில் போகாது. மறுநாள் பள்ளியிலும், அதற்கடுத்து அந்தப் பெரியவர் வீட்டு வாசலிலும் அவன் விரல்நுனி ஊதாவாகவே இருக்க வேண்டும்.

நாக்கிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதை அவன் அம்மா பார்க்கட்டும்.